குளிருக்கு உருளைக்கிழங்கு சூப்: மாவு கரைத்து ஊற்றாமல் கெட்டியாக்குவது

கார்ன்ஃப்ளார், மைதா எதுவும் கரைத்து ஊற்றாமல், கிழங்கில் இருக்கும் மாவை மட்டும் நம்பி வைத்த ஒரு பானை சூப்பின் கணக்கு இது. கரண்டியால் அள்ளினால் மெதுவாக வழிய வேண்டும்; வாயில் பசைபோல ஒட்டக் கூடாது; கடிக்க நாலு துண்டு இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக அமைந்த பானையின் அளவுகள் கீழே. அதற்கு முன் கெட்டுப்போன பானைகள் ஏன் கெட்டன என்பதும் அந்தந்த இடத்தில் வரும்.

இடம் ஊட்டி. இது முக்கியம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92–93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது. சென்னையில் கால் மணியில் வேகும் துண்டு இங்கே அரை மணி கேட்கும். சமவெளிக் கணக்கை வைத்து இறக்கினால் வெளியே வெந்து நடுவில் கட்டியாக இருக்கும். அதை மசித்தால் சூப் முழுக்க நறநறவென்று குருணை. போதாததற்கு, விடியற்காலைக் குளிரில், அதுவும் சிலிண்டர் தீரப்போகும் நேரத்தில், கேஸின் அழுத்தம் குறைந்து தீ சோம்பலாக எரியும். அதனால் கீழே உள்ள நிமிடங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வெந்ததா என்று கத்தி முனையால் குத்திப் பார்ப்பதே சரி.

கிழங்கு

நீலகிரியில் உருளைக்கு மூன்று போகம்: நீர்போகம், கார்போகம், கடைபோகம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் சந்தைக்கு வருவது கடைபோகக் கிழங்கு. பெரும்பாலும் குஃப்ரி ஜோதி ரகம். வெள்ளைத் தோல், மேலோட்டமான கண்கள். அன்று தோண்டிய கிழங்கின் தோல் விரலால் தேய்த்தாலே உரியும். பொரியலுக்கு அது அருமை, இந்தச் சூப்புக்கு ஆகாது. முற்றாமல் தோண்டிய கிழங்கில் நீர் அதிகம், மாவு குறைவு. தோல் இறுகிய, கையில் கனமாக உட்காரும் கிழங்காகப் பொறுக்க வேண்டும். செம்மண் ஒட்டியிருப்பதை மட்டும் பார்த்து ஊட்டிக் கிழங்கு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மண் எந்தக் கிழங்கிலும் ஒட்டும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்கு மலைக்கிழங்கோடு கோலார், குஜராத், ஆக்ராக் கிழங்குகளும் வருகின்றன. அவற்றில் குளிர்கிடங்கில் நெடுநாள் கிடந்தவற்றுக்கு ஒரு குணம் உண்டு: மாவில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். சூப்பில் அது உடனே காட்டிக்கொடுக்கும். உப்பு எவ்வளவு போட்டாலும் அடியில் ஒரு அசட்டுத் தித்திப்பு நிற்கும். வேறு வழியில்லை, அதுதான் கிடைத்தது என்றால், வெளிச்சம் படாத இடத்தில் சாக்கில் பரப்பி இரண்டு வாரம் வெளியே வைத்தால் தித்திப்பு கணிசமாகக் குறையும். வீட்டு ஃப்ரிட்ஜில் உருளையை வைப்பதும் இதே காரணத்தால் வேண்டாம்.

எந்தக் கிழங்கு மாவாகும், எது வழவழவென்று உடையாமல் நிற்கும் என்பதை வெட்டாமலே பிரிக்க உப்புத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் 110 கிராம் கல்லுப்பை முழுசாகக் கரைத்து, கழுவிய கிழங்கை ஒவ்வொன்றாக விட வேண்டும். மூழ்கினால் மாவு அதிகம்; மிதந்தால் நீர் அதிகம். ஒரே மூட்டையில் எடுத்த கிழங்கே இரண்டாகப் பிரியும். மூழ்கியதில் தோல் சீவி 700 கிராம் மசிப்பதற்கு, மிதந்ததில் 300 கிராம் துண்டுகளுக்கு. தோலோடு மொத்தம் 1.2 கிலோ வாங்கினால் சரியாக இருக்கும். உப்புத் தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். கிழங்கை மட்டும் நன்றாகக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் உப்புக் கணக்கு தவறும்.

பச்சை படர்ந்த கிழங்கில் பச்சையை ஆழமாகச் சீவி எறிய வேண்டும், முளையையும் தோண்டி எடுக்க வேண்டும். பாதிக் கிழங்கு பச்சையென்றால் முழுசாகவே குப்பைக்கு. அதிலுள்ள சோலனைன் என்ற நச்சு கொதிக்க வைத்தால் போகிற சரக்கு அல்ல.

மற்ற சரக்கு

லீக்ஸ் அரை கிலோ (தடித்த வெங்காயத்தாள்போல இருக்கும் காய்; சுத்தம் செய்தால் வெள்ளையும் இளம்பச்சையுமாக 300 கிராம் தேறும்), பெரிய வெங்காயம் 150 கிராம், கேரட் 120 கிராம், செலரி இரண்டு தண்டு, பூண்டு நான்கு பல், வெண்ணெய் 40 கிராம், பால் 400 மி.லி., பிரிஞ்சி இலை ஒன்று, தைம் இரண்டு கிளை, மிளகு ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் துருவல் ஒரு சிட்டிகை, உப்பு மொத்தம் 18 கிராம். இந்த அளவுக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் சூப் வரும். இதுவே ராச்சாப்பாடு என்றால் ஆறு பேருக்கு, முன்னால் ஒரு கிண்ணம் என்றால் பத்துப் பேருக்கு.

1820களில் கோவைக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலையில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிட ஆரம்பித்து வைத்ததன் பலன், இதில் பாதிச் சாமான் ஊட்டி மார்க்கெட்டில் ‘இங்கிலீஷ் காய்கறி’ என்று ஒரே கடையில் கிடைத்துவிடும். ஜாதிக்காய்க்குக் குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு, கல்லாறு பக்கம் இறங்க வேண்டும். கீழே இருப்பவர்களுக்கு லீக்ஸ் கிடைக்கவில்லை என்றால் சின்ன வெங்காயம் 200 கிராமும் வெங்காயத்தாள் ஒரு கட்டும் போடலாம். ருசி வேறு, ஆனால் மோசமில்லை. பெரிய வெங்காயத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் தித்திப்பு மிஞ்சும்.

லீக்ஸ் கழுவுதல்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் மணல். தண்டு வெள்ளையாக வருவதற்காக வளர வளர மண் அணைக்கிறார்கள். அந்த மண் ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கும். முழுத் தண்டைக் குழாயில் காட்டினால் வெளி மண் மட்டும்தான் போகும். வேரை முழுசாக வெட்டாமல் நுனியில் கொஞ்சம் விட்டு, தண்டை நெட்டுக்குப் பிளந்து, விசிறிபோல் விரித்துக் குழாயடியில் ஒருமுறை. பிறகு அரை விரல் அகலத்துக்கு நறுக்கி, பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, ஐந்து நிமிடம் அசையாமல் விட வேண்டும். லீக்ஸ் மிதக்கும், மணல் அடியில் தங்கும். கையால் மேலாக அள்ளி எடுக்க வேண்டும். பாத்திரத்தைச் சாய்த்து வடிதட்டில் கொட்டினால் அடியில் தங்கிய மணல் திரும்ப லீக்ஸ் மேலேயே விழும். அடியில் மணல் தெரியாத வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றலாம். ஒரு சிட்டிகை மணல் மொத்தப் பானையையும் கெடுத்துவிடும், பிறகு வடிகட்டியும் பயனில்லை.

காய்கறித் தண்ணீர்

லீக்ஸின் கரும்பச்சைத் தாள், கேரட்டின் தலை, செலரி இலை, பிரிஞ்சி இலை, ஐந்தாறு முழு மிளகு. 1.6 லிட்டர் தண்ணீரில் சிம்மில் 40 நிமிடம், வடித்தால் 1.3 லிட்டர். உருளைத் தோலைச் சேர்க்க வேண்டாம், மண்வாடை ஏறும். முட்டைக்கோஸ் தண்டையும் சேர்க்க வேண்டாம், ஒருமணி நேரம் கழித்து வீடே நாறும். அசைவம் சாப்பிடுகிறவர்கள் கால் கிலோ நெஞ்செலும்பு போட்டுக் குக்கரில் இதே தண்ணீரை எடுக்கலாம். அப்போது வெண்ணெயைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கொழுப்பு மேலே மிதக்கும்.

துண்டுகள் கரையாமல் இருக்க

எல்லாக் கிழங்கையும் ஒன்றாகப் போட்டு, பாதியை மசித்து, பாதியை அப்படியே விடுவதுதான் பலரும் செய்வது. கெட்ட பானைகளில் பாதி கெட்டது இங்கேதான். மசிக்கும்போது துண்டும் உடைந்துவிடும், இல்லையென்றால் துண்டு உடையாமல் இருக்க வேண்டுமே என்று அரைவேக்காட்டில் நிறுத்த நேரும்.

துண்டுகளைத் தனியாக 65–70 டிகிரியில் இருபது நிமிடம் ஊற வைத்து, ஆற வைத்து, பிறகு வேக வைத்தால் ஓரம் கரையாமல் நிற்கும். அந்தச் சூட்டில் கிழங்கிலேயே உள்ள ஒரு நொதி வேலை செய்து, செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகிறது. 75 டிகிரிக்கு மேல் போனால் நொதி செத்துவிடும், பலன் இல்லை.

தெர்மாமீட்டர் இல்லாமலும் இதைச் செய்யலாம். ஊட்டியில்: ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து அடுப்பை அணைத்து, 150 மி.லி. குழாய்த் தண்ணீர் ஊற்றி, ஒன்றரை சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கிய 300 கிராம் துண்டுகளைப் போட்டு மூடினால் 70-ஐ ஒட்டி வந்து நிற்கும். சமவெளியில் கொதிநீர் 100 டிகிரி என்பதால் குழாய்த் தண்ணீர் 400 மி.லி. ஊற்ற வேண்டும். அடிகனமான பாத்திரமாக இருக்கட்டும், மெல்லிய அலுமினியச் சட்டி மலைக்குளிரில் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். இருபது நிமிடம் கழித்து வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசி ஆற விடலாம்.

வதக்கல்

ஐந்து லிட்டர் குக்கரிலேயே வதக்கிவிடுவது நல்லது, அடியில் பிடிக்கும் ருசி வீணாகாது. வெண்ணெயோடு ஒரு தேக்கரண்டி எண்ணெய், உருகியதும் வெங்காயம், லீக்ஸ், செலரி, 5 கிராம் உப்பு. சிம்மில் வைத்து, விசில் போடாமல் மூடியை மேலே சும்மா வைத்து 15–18 நிமிடம். நடுவில் மூன்று நான்கு தடவை கிளற வேண்டும். நிறம் மாறவே கூடாது. கண்ணாடிபோல் ஆகி, அளவு மூன்றில் ஒன்றாக வற்ற வேண்டும். குருமாவுக்கு வதக்குவதுபோல் பொன்னிறமாக்கினால் சூப் மங்கிய தவிட்டு நிறத்துக்குப் போவதோடு லீக்ஸின் மென்மையான மணமும் போய்விடும். பூண்டை நசுக்கிக் கடைசி இரண்டு நிமிடத்தில் போட்டால் போதும்.

இரும்புச் சட்டி இதற்கு ஆகாது. கிழங்கில் உள்ள குளோரோஜெனிக் அமிலமும் இரும்பும் சேர்ந்து சூப்பைச் சாம்பல் நிறமாக்கும். ருசி கெடாது, ஆனால் யாரும் இரண்டாம் கரண்டி கேட்க மாட்டார்கள்.

வேக வைத்தல்

மசிக்கப் போகும் 700 கிராம் கிழங்கை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, கழுவாமல் குக்கரில் போட வேண்டும். கழுவினால் வெட்டுப் பரப்பில் வரும் மாவுதான் முதலில் போகும். நமக்கு வேண்டியதே அதுதான். இரண்டு மூன்று நிமிடம் வெண்ணெயில் புரட்டி, 800 மி.லி. காய்கறித் தண்ணீர், தைம், இன்னும் 5 கிராம் உப்பு. குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. மாவு நுரைத்து வந்து விசில் துளையில் அடைக்கும்.

விசில் எண்ணிக்கை குக்கருக்குக் குக்கர் மாறும், நிமிடம் மாறாது. முதல் விசில் வந்ததும் சிம்மில் ஏழு நிமிடம், பிறகு அணைத்து அழுத்தம் தானாக இறங்க விட வேண்டும். விசிலைத் தூக்கிவிட்டு அவசரமாகத் திறந்தால் மாவுத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், சமையலறைச் சுவர்தான் பாழாகும். சமவெளியில் ஐந்து நிமிடமே போதும்.

பக்கத்து அடுப்பில் மீதி 500 மி.லி. காய்கறித் தண்ணீரில் ஊறிய துண்டுகளும் பொடியாக நறுக்கிய கேரட்டும் 3 கிராம் உப்போடு, திறந்த பாத்திரத்தில் 25–30 நிமிடம். கத்தி தடங்கலில்லாமல் இறங்கினால் அணைக்கலாம். இந்தத் துண்டுகள் பத்து நிமிடம் கூடுதலாகக் கிடந்தாலும் உடையாது. முதல் ஊறலின் பயன் இங்கே தெரியும்.

மசித்தல்

பருப்பு மத்து அல்லது கிழங்கு மசிப்பான். மிக்சி வேண்டாம். வெந்த கிழங்கின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மாவு தண்ணீரை உறிஞ்சி ஊதியிருக்கிறது. மத்து செல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது, பெரும்பாலானவை முழுசாகவே இருக்கும். மிக்சி பிளேடு அவற்றைக் கிழித்து உள்ளே இருக்கும் மாவை வெளியே கொட்டுகிறது. முப்பது விநாடி ஓட்டினால் கரண்டியைத் தூக்கும்போது நூல் இழுக்கும், போஸ்டர் ஒட்டலாம். பால் ஊற்றினாலும் தண்ணீர் ஊற்றினாலும் இழுவை போகாது, நீர்த்த பசையாக மாறும், அவ்வளவுதான். அப்படி ஆகிவிட்ட பானையை மீட்க வழியில்லை. அதில் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு புதிதாக மத்தால் மசித்த சூப்பைக் கலந்தால் ஓரளவு மறையும். இல்லையென்றால் கட்லெட் பிசைய வைத்துக்கொள்ளலாம், அதற்கு நன்றாகவே பிடிக்கும்.

தண்ணீரோடு சேர்த்து மசித்தால் கிழங்கு மத்துக்கு அகப்படாமல் நழுவும். தைம் காம்பை எடுத்துவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் இறுத்து, கிழங்கும் லீக்ஸும் சூடாக இருக்கும்போதே மசித்து, பிறகு இறுத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். லீக்ஸ் நாராகத் தெரியும். அது பிடிக்காதவர்கள் ரவை சலிக்கும் கண் அளவுள்ள சல்லடையில் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்கலாம். கால் மணி நேர வேலை. குழந்தைகளுக்கு என்றால் செய்யலாம், மற்றபடி அந்த நார் இருப்பதே நல்லது.

பால்

ஆவின் பச்சைப் பாக்கெட் போதும். கிரீம் சேர்த்தால் இரண்டாவது கிண்ணம் இறங்காது. பாலைத் தனியாகக் கை பொறுக்கும் சூட்டுக்கு மேலே, கொதி வராமல் சுட வைத்து, அதில் இரண்டு கரண்டி சூப்பை ஊற்றிக் கலக்கி, பிறகு அதைப் பானையில் சேர்க்க வேண்டும். முதலில் கலக்கும் மாவு, பால் திரியாமல் காக்கும். வெந்த துண்டுகளையும் கேரட்டையும் அவற்றின் தண்ணீரோடு இப்போதே சேர்த்துவிடலாம். அதன்பின் கொதிக்க விடக் கூடாது, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வரும் அளவிலேயே ஐந்து நிமிடம்.

பால் திரிந்த பானைகளில் காரணம் பெரும்பாலும் புளிப்பு: தக்காளி சேர்த்தது, அல்லது அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சை பிழிந்தது. எலுமிச்சை வேண்டுமென்பவர்கள் கிண்ணத்தில் நாலு சொட்டு விட்டுக்கொள்ளலாம்.

மீதி 5 கிராம் உப்பை ஒரே தடவையில் கொட்டாமல் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும். கிழங்கு உப்பை உள்ளே இழுக்கும். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் சரியான அளவும் தெரியாது. கரண்டியில் எடுத்து ஆற்றிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மிளகை ஒன்றிரண்டாக இடித்து அரைத் தேக்கரண்டி நெய்யில் அரை நிமிடம் பொரித்து மேலே ஊற்றினால் மணம் தூக்கும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் மருந்து வாசம். கரம் மசாலா, சோம்பு எதுவும் இங்கே வேண்டாம், லீக்ஸ் இருந்த இடம் தெரியாமல் போகும்.

கிண்ணமும் கூட்டும்

மலைக்குளிரில் ஸ்டீல் கிண்ணம் முதலில் கையைச் சுடும், உடனே ஆறிவிடும். கனமான பீங்கான் கிண்ணத்தில் கொதிநீர் ஊற்றி வைத்து, பரிமாறும்போது கொட்டிவிட்டுச் சூப்பை ஊற்றினால் கடைசிக் கரண்டி வரை சூடு நிற்கும். கூட, முதல்நாள் ரொட்டியை வெண்ணெயில் மொறுமொறுவென்று சுட்டது. ஊட்டி வர்க்கியைத் தோய்த்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அதன் தித்திப்பும் அடுக்கும் டீக்கு ஏற்றவை. சூப்பில் விழுந்த நொடியில் சொதசொதவென்று போய்விடும்.

மிச்சம்

ஆறியதும் இன்னும் கெட்டிப்படும். மறுநாள் ஒரு லிட்டருக்கு 100–150 மி.லி. சுடுதண்ணீர் விட்டு, சிம்மில், அடியைத் துழாவிக்கொண்டே சூடாக்க வேண்டும். மாவு அடியில் படிந்து எளிதில் கருகும். சமையலறையே பன்னிரண்டு டிகிரியில் இருக்கிறது என்று மேடையில் விட்டுவைக்கக் கூடாது. பாலும் கிழங்கும் சேர்ந்த சரக்கு. இரண்டு மணி நேரத்துக்குள் அகலப் பாத்திரத்தில் ஆற்றி ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும், இரண்டு நாளில் முடித்துவிட வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் உருகும்போது தண்ணீர் தனியே, பஞ்சுபோன்ற கிழங்கு தனியே என்று பிரியும்.

செலவு

வாங்கிய அன்றைய விலையில் உருளை 60, லீக்ஸ் 60, மற்ற காய்கள் 45, வெண்ணெய் 24, பால் 20, மிளகு முதலான சில்லறை 15. மொத்தம் 224 ரூபாய், கேஸ் தனி. ஆறு பெரிய கிண்ணம் என்றால் ஒன்று நாற்பதுக்குள். லீக்ஸ் விலைதான் அதிகம் ஏறி இறங்கும்.

அடுத்த பானைக்கு மாற்ற வேண்டியவை இரண்டு. கேரட்டைத் துண்டுகளோடு சேர்த்து அரை மணி வேக விட்டதில் குழைந்துவிட்டது, கடைசிப் பன்னிரண்டு நிமிடத்தில் போட்டால் போதும். இரண்டாவது, சீசனில் கிடைக்கும் பச்சை டபுள் பீன்ஸ் 150 கிராமைத் தனியாக வேக வைத்துச் சேர்ப்பது. அப்படிச் சேர்க்கும்போது மசிக்கும் கிழங்கை 600 கிராமாகக் குறைக்க வேண்டும், பீன்ஸும் வெந்து மாவு விடும்.